பின் சக்கரத்தின் சூடு

நாற்றுப்பண்ணை,
ஜூன் 3

மச்சான் அவர்களுக்கு,

முறைப்படி அப்படித்தான் அழைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே படியுங்கள். பஸ் டெப்போவுக்குப் போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது கண்ணில் படும்.

உங்கள் தங்கைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் என்னை நாற்றோடு நாற்றாகப் பையில் அடைத்துவிடுவாள்.

எங்கள் பிக்கப்பில் பிரேக் சரியில்லை. பழைய வண்டி, வாங்கும்போதே பழையதுதான். அதை அவள் 'பெரியவர்' என்றுதான் சொல்வாள். மலைமேல் இருக்கும் எங்கள் பண்ணையிலிருந்து கன்றுகளையும் மண் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்கு இறங்குவது அவள் வேலை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லித்தானே கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள்.

போன வாரம் திரும்பி வந்தபோது முன் பம்பர் முழுக்கச் சேறு. "திருப்பும்போது வரப்புல லேசா இடிச்சிட்டேன்" என்றாள். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. புல்லைப் பற்றித் தெரியும். பம்பரில் சிக்கியிருந்த கோரை எங்கள் மேட்டில் முளைக்காது. பாதி இறக்கத்தில், சாலையோர ஈரப் பள்ளத்தில் மட்டும்தான் முளைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். "பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு. நாலஞ்சு தடவை மிதிச்சேன், கொஞ்சம் பிடிச்சுது. ஓரத்துல இறக்கி நிறுத்திட்டேன். இப்ப என்ன, முழுசா வந்துட்டேன்ல?" என்றாள்.

சந்தைப் பட்டறையில் முன் பேட் மாற்றினார்கள், ஏர் எடுப்பதாகக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள், பிரேக் கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மைதான், காலையில் கல் மாதிரிதான் இருக்கிறது. பாதி இறக்கத்தில் பஞ்சாகிவிடுகிறது. கீழே போய்க் கொஞ்ச நேரம் நிழலில் நின்றால் மறுபடி கல்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

---

டெப்போ பணிமனை,
ஜூன் 8

செடிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

என் தங்கையை டெப்போ அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைக்க நான் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன். அவள் உங்களையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மலையேறினாள். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? மோதி வருகிற வண்டிகளைப் பிரிப்பது. எந்தக் கதவு எப்படி மடங்கும், ஸ்டியரிங் எதுவரை உள்ளே வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் கல்யாணத்தன்று அப்படிப் பேசினேன். வருத்தப்பட்டு எழுதவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

இனி வேலை. முதலில் வண்டியை எடுக்கக் கூடாது. அவள் கேட்க மாட்டாள், தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் அழுத்தத்தைத் தின்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அது இல்லை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறதா, என்ன நிறம் என்று பாருங்கள். நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் குனிந்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் என்றால் உங்கள் பூவாளி ஈரம் இல்லை, எண்ணெய் ஈரம்.

அப்புறம் முக்கியமானது. சுமையோடு இறங்கி நின்றவுடன் நாலு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கையை வைக்காதீர்கள், தோல் வந்துவிடும். எது சீறுகிறது, எது சும்மா இருக்கிறது என்று எழுதுங்கள்.

வண்டியை எடுக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு, இறங்கிப் பார்க்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. அந்தச் சந்தைப் பட்டறைக்காரன் ஆறிப்போன வண்டியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்றிருக்கிறான். காய்ச்சல் அடிக்கும்போது யாராவது தொட்டாக வேண்டும். அப்படி இறங்கினால் பாதிச் சுமை, இரண்டாம் கியர், பெடலில் காலையே வைத்துத் தேய்க்கக் கூடாது.

நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

அவள் அண்ணன்

---

நாற்றுப்பண்ணை,
ஜூன் 14

மச்சான் அவர்களுக்கு,

செடிக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். சந்தையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பழகிவிட்டது.

நீங்கள் சொன்னபடி பெடலை அழுத்திப் பிடித்தேன். கால் நடுங்கும்வரை பிடித்தேன். இறங்கவில்லை. டப்பாவில் அளவு குறையவில்லை, ஆனால் உள்ளே இருப்பது கரியைக் கரைத்த மாதிரி கருப்பு. சக்கரங்களில் எண்ணெய் ஈரம் இல்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது இரண்டு கால்கள் வந்து என் தலைக்குப் பக்கத்தில் நின்றன.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

"சும்மா யாராச்சும் டார்ச்சோட படுப்பாங்களா?"

பட்டறைக்காரர் பார்க்கச் சொன்னார் என்று சமாளித்தேன். நம்பவில்லை. ஆனால் அன்று நானும் கூட வருகிறேன் என்றபோது தடுக்கவில்லை. அதிலிருந்தே அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். பாதிச் சுமை என்று கெஞ்சினேன். முக்கால் ஏற்றினாள். மழை பிடிப்பதற்கு முன் கன்றுகளை இறக்கியாக வேண்டும், பையிலேயே கிடந்தால் வேர் சுருண்டுவிடும். இது எனக்கே தெரிந்த விஷயம் என்பதால் நானும் சேர்ந்து ஏற்றினேன்.

பாதி இறக்கம்வரை நன்றாக வந்தது. பிறகு அவள் முகம் மாறியது. கியரைக் குறைத்தாள், வண்டி உறுமியது. எரிந்த ரப்பர் போல ஒரு வாசனை. நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே சாமி பெயர் அத்தனையும் சொல்லி முடித்துவிட்டேன். எப்படியோ கீழே சேர்ந்தோம்.

உடனே தண்ணீர் தெளித்தேன். முன் சக்கரம் இரண்டும் தோசைக்கல் போலச் சீறின. நல்ல வேளையாகப் பின் சக்கரம் இரண்டுக்கும் ஒன்றும் இல்லை. தண்ணீர் அப்படியே வழிந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் மீது உள்ளங்கையையே வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. ஆக, நாலில் இரண்டு சக்கரமாவது நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு ஆறுதல்.

அடுத்த வாரமும் சுமை இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்

---

டெப்போ பணிமனை,
ஜூன் 18

செடிக்காரரே,

பின் சக்கரம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஆறுதலா? அதுதான் ஐயா நோயே!

சுமையோடு ஒரு மலை இறங்கிய வண்டியில் பின் டிரம் குளிர்ந்திருக்கிறது என்றால் பின் பிரேக் வேலையே செய்யவில்லை. முழு வண்டியையும் முன் இரண்டு சக்கரம் மட்டும் இழுத்துப் பிடிக்கின்றன. அவை பழுக்கின்றன, அந்தக் கருத்துப்போன பழைய ஆயில் கொதிக்கிறது, கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழி வருகிறது. குமிழியை மிதித்தால் பெடல் பஞ்சாகாமல் என்ன செய்யும்? ஆறினால் குமிழி அடங்கும், மறுபடி கல். பட்டறைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்?

பின் பிரேக் ஏன் செத்தது என்று பார்க்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே, சட்டத்தில் ஒரு சிறு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு வரும். சுமை ஏறினால் பின்பக்கம் தாழும், அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பின்பக்கம் தாழாவிட்டால் வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு அழுத்தத்தை அடைத்து வைத்துவிடும். அதனால் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள்: பின் ஸ்பிரிங்கில் யாராவது கை வைத்தார்களா? கூடுதல் பட்டை ஏதாவது போட்டீர்களா?

இதைத் தபாலில் போடாமல் மலைக்கு வரும் பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனும் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். உங்கள் மலையில் மணியே அடிக்கவில்லை.

அவளிடம் என் பெயரைச் சொல்லியாவது சாவியை வாங்கி வையுங்கள். திட்டட்டும். என்னைத் திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

அவள் அண்ணன்

---

அரசு மருத்துவமனை,
ஜூன் 20

மச்சான்,

முதலில் ஒன்று: உயிருக்கு ஒன்றுமில்லை. புருவத்தில் தையல், தோள்பட்டையில் அடி, இரண்டு விலா எலும்பில் விரிசல். தூங்குகிறாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. அவள் நேற்றுக் காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

கிளம்பும் முன் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. என்னால் பொறுக்க முடியாமல், உங்களுக்கு எழுதியதையும் நீங்கள் பதில் போட்டதையும் சொல்லிவிட்டேன். சொன்னால் பயந்து நிற்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீங்களும் அவனும் சேந்து என் கையில இருந்து சாவியப் புடுங்கப் பாக்குறீங்களா? இதுக்குத்தான் அவன் அன்னைக்கே ஆசப்பட்டான்" என்றாள். என்னை ஏற விடவில்லை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கோரைப் பள்ளத்துக்குக் கீழே, பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு வளைவு இருக்கிறது. அங்கே பெடல் தரையைத் தொட்டுவிட்டது. எத்தனை மிதித்தும் திரும்பவில்லை. நிறுத்தத்தில் ஆட்கள் நிற்பது மேலிருந்தே தெரிந்ததாம். கியரை இரண்டுக்கு அடித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறாள். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே மலைப்பக்கச் சரிவில் வண்டியை உரசவிட்டாள். கண்ணாடி போனது, கதவு கிழிந்தது, கன்றுகள் சாலை முழுக்கச் சிதறின. கடைசியில் சாலை வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. நிறுத்தத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கும் இடம்கூட இல்லை. நிறுத்தத்தில் இருந்தவர்கள்தான் கதவை நெம்பி வெளியே எடுத்தார்கள்.

கண் விழித்ததும் என்னிடம் கேட்டது, "யாருக்காச்சும் பட்டுச்சா?" இல்லை என்றேன். அப்புறம்தான் அழுதாள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம். கோடைக்கு முன் பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டோம். மண் மூட்டை ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது என்று சொன்னதும் ஸ்பிரிங் கடைக்காரர்தான் போட்டுவிட்டார். "இனிமே எவ்வளவு ஏத்தினாலும் யானை மாதிரி நிக்கும்" என்றார். நின்றது. நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஐயா என்று என்னைத் திட்டிய இடத்தில் சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டாள். போன் போட்டேன் என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

உங்கள் தங்கையின் கணவன்

---

டெப்போ பணிமனை,
ஜூன் 24

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு குழிக்குள் இறங்கி ஒரு பஸ்ஸின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேலை பார்ப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த நேரத்தில் அவள் செய்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. கியர், ஹேண்ட் பிரேக், மலைப்பக்கம், குவியல். பத்து வருஷம் பஸ் ஓட்டியவனுக்கும் மலையில் மோதத் திருப்பக் கை வந்திருக்காது; பள்ளத்துப் பக்கம்தான் ஒடித்திருப்பான். அப்படி ஒடித்த வண்டிகளைத்தான் நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இதை அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வண்டியை யாரும் தொட வேண்டாம். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். உதிரிகளை நானே கொண்டுவருகிறேன். அவள் வரச் சொன்னால் மட்டும் வருவேன்.

இன்னொன்று. அந்த ஸ்பிரிங் கடைக்காரன் உங்கள் வண்டிக்கு மட்டும்தானா யானைக்கால் வைத்தான்? சந்தைக்கு இறங்குகிற மற்ற வண்டிகள்?

மச்சான்

---

நாற்றுப்பண்ணை,
ஜூலை 1

மச்சான்,

வீட்டுக்கு வந்துவிட்டோம். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவளாகவே பேசினாள்: "வரச் சொல்லுங்க. மெக்கானிக்கா வந்தா ஷெட்டுல வேலையப் பாத்துட்டு அப்படியே கிளம்பட்டும். அண்ணனா வந்தா வீட்டுக்குள்ள வரட்டும். எதுவா வர்றதுன்னு அவனே முடிவு பண்ணிக்கட்டும்."

மற்ற வண்டிகளைப் பற்றி நீங்கள் கேட்டதைப் படித்தவள், தையல் பிரிக்கப் போன நாளில் நேராகச் சந்தை ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். எத்தனையோ பிக்கப் நிற்கிறது, பாதிக்கு மேல் அதே கடைப் பட்டைதான். ஒவ்வொருவரிடமும் சொன்னாள். காய்கறி ஏற்றும் மீசைக்காரர், "வளைவுல பயந்துட்டு இப்ப வண்டி மேல பழி போடுறியாம்மா?" என்று சிரித்தார். ஸ்பிரிங் கடைக்காரர் இன்னும் மோசம். "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா பட்டைய மாட்டினவன்தான் குத்தவாளி" என்றார். நான் கையை ஓங்கிவிட்டேன் மச்சான். வாழ்க்கையில் முதல் தடவை. அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவர்களில் யாராவது நாளைக்கே அந்த வளைவில் இறங்குவார்கள். அந்த ஜல்லிக் குவியலையும் இப்போது அள்ளிவிட்டார்கள். சீக்கிரம் வாருங்கள்.

மாப்பிள்ளை

---

டெப்போ பணிமனை,
ஜூலை 29

மாப்பிள்ளை,

அண்ணனாகவே உங்கள் வீட்டுக்குள் தங்கிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த கன்று பஸ்ஸில் ஒரு கிளை ஒடிந்துவிட்டது. பிழைக்குமா, எழுதுங்கள்.

வேலை முழுக்க நீங்கள் கூடவே இருந்ததால் அதை எழுத வேண்டியதில்லை. ஏர் எடுக்கும்போது நான் "மிதி, பிடி, விடு" என்று கத்தக் கத்த, அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தை மட்டும் மறக்க மாட்டேன். கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டதால் இனி சுமை குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு நடை இரண்டு நடையாகும். ஆகட்டும்.

அவளும் நானும் இறங்கிய கடைசி நாளைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. பெருமையாக ஏதாவது சொல்லியிருப்பாள். நடந்தது இது.

அவள் ஓட்டி நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பண்ணை வாசல் தாண்டியதுமே என் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்தினேன். பிரேக்கை நானே மாட்டியிருக்கிறேன், ஒவ்வொரு குழாயையும் நானே முறுக்கியிருக்கிறேன். இருந்தும் கால் கேட்கவில்லை. அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"அண்ணே, அந்தப் பக்கம் பெடல் கிடையாது. காலத் தளர்த்தி உக்காரு."

பாதி இறக்கம் வந்தது. சரிவில் வண்டி உரசிய தடம் இன்னும் அப்படியே இருக்கிறது, பெயிண்ட் ஒட்டிக்கொண்டு. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றார்கள். அவள் கை ஸ்டியரிங்கில் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். இரண்டாம் கியர். ஒரே ஒரு மிதி. வண்டி லேசாக அமுங்கி, நாலு காலையும் ஊன்றிய மாடு மாதிரி நின்றது. நடுச்சாலையில். நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. நிற்கிறதா என்று பார்த்தாள்.

"பெடல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கல்லு."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். எடுத்துக்கொண்டு போனாள்.

கீழே ஸ்டாண்டில் இறங்கித் தண்ணீர் தெளித்தேன். முன்னும் சீறியது, பின்னும் சீறியது. பின் டிரம்மில் ஆவி கிளம்பியதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மீசைக்காரர் எழுந்து வந்துவிட்டார். அவரும் அப்போதுதான் இறங்கியிருந்தார். அவர் வண்டியின் பின் டிரம்மிலும் தண்ணீர் ஊற்றினேன். வழிந்தது. அவர் உள்ளங்கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். "குளுகுளுன்னுதான் இருக்கு" என்றவர், சொல்லி முடிக்கும்போதே அதன் அர்த்தம் புரிந்து அவளைத் திரும்பிப் பார்த்தார். பஸ் வரும்வரை மூன்று வண்டிக்கு அடியில் படுத்தேன். பட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்பிரிங் கடையில் அவர்களே போய் நின்றுகொண்டார்கள். கடைக்காரன் உங்கள் கையை நினைத்துக்கொண்டோ என்னவோ, உடனே ஸ்பேனரை எடுத்தான்.

பஸ் ஏறும்போது அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமலே ஏறிவிட்டேன். அதை உங்களுக்கு எழுதுகிறேன், அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். இத்தனை வருஷமும் நான் மோதிய வண்டிகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக இறங்கிப் போகிற வண்டி பணிமனைக்கு வருவதில்லையே. அவள் ஓட்டுவதைப் பார்க்காமலே அவள் எப்படி முடிவாள் என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன்.

அடுத்த மாதக் கடைசியில் என் வீட்டுக்காரியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். சந்தை வரைதான் பஸ்ஸில் வருவோம். மேலே ஏற அவளை வண்டியோடு வந்து நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்